வாட்ஸ்அப்பில் தேங்கிக் கிடக்கும் குரல்கள்: சமுதாய வானொலி நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் சமுதாய வானொலி (சுற்றுவட்டார மக்களுக்கான சிறு எஃப்.எம். நிலையம்) நடத்திவரும் கல்லூரிகள், தொண்டு நிறுவனங்கள், வேளாண் அமைப்புகள் ஆகியவற்றின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். ஒலிப்பதிவு மேசையிலும் டிரான்ஸ்மிட்டர் அறையிலும் வேலை பார்க்கும் நாங்கள் சிலர் சேர்ந்து எழுதும் மடல் இது. உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். நேயர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரலைக் கேட்பதற்கென்று ஒரு ஆளையும், தினம் இரண்டு மணி நேரத்தையும், ஒரு பதிவேட்டையும் ஒதுக்குங்கள். கேட்கப்பட்ட கேள்விக்குப் பதில் வானலையிலேயே போகட்டும்.

இன்று நடப்பது என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு நிகழ்ச்சி முடிவிலும் வாட்ஸ்அப் எண் அறிவிக்கப்படுகிறது. அந்த எண் உள்ள போன் ஸ்டுடியோ மேசையில் கிடக்கிறது. அந்த நேரத்துக்குப் பணியில் இருப்பவர் நாலைந்து குரலைக் கேட்கிறார். "நிகழ்ச்சி ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று வந்ததை எடுத்து ஒலிபரப்புகிறார். கன்றுக்குக் கழிச்சல் நிற்கவில்லை என்று அழாக்குறையாகப் பேசியவருடைய ஒன்றரை நிமிடப் பதிவு திறக்கப்படாமலே கிடக்கிறது. இரண்டு முறை அனுப்பிப் பார்த்துப் பதில் வராதவர் மூன்றாம் முறை அனுப்ப மாட்டார். பிறகு, "நேயர்களிடம் ஆர்வம் குறைந்துவிட்டது" என்று உங்கள் கூட்டத்தில் பேச்சு வருகிறது. ஆர்வம் குறையவில்லை. கேட்க ஆள் இல்லை.

வானொலியோடு நேயரைச் சேர்க்கும் வேலை வாட்ஸ்அப்போடு பிறந்ததும் இல்லை. 1956இல் அகில இந்திய வானொலியும் யுனெஸ்கோவும் சேர்ந்து இன்றைய மகாராஷ்டிரத்தில் 150 கிராமங்களில் வானொலி உழவர் மன்றங்களை நடத்தின. வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், பத்து வாரம். கிராமத்தார் ஒன்றாக உட்கார்ந்து கேட்டார்கள், கேட்டதைப் பற்றி விவாதித்தார்கள், எழுந்த சந்தேகங்களை மன்றச் செயலாளர் எழுதித் தபாலில் நிலையத்துக்கு அனுப்பினார். அந்தக் கேள்விகளுக்கான பதில் அடுத்து வந்த நிகழ்ச்சிகளில் போனது. 1960களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 நெல்லுக்கு வானொலி நெல் என்றே பெயர் வந்தது. திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சியைக் கேட்டுத்தான் உழவர்கள் அந்த ரகத்தை நம்பி நட்டார்கள். அன்று கேள்வி போய்ப் பதில் வர ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆனது. இன்று கேள்வி பத்து விநாடியில் வந்துவிடுகிறது, பதில்தான் போவதில்லை.

இனி வேலை விவரம். முதலில் ஒலியின் தரம், ஏனென்றால் "போன் பதிவு வானலைக்கு உதவாது" என்றுதான் பல நிலையங்களில் இந்தப் பேச்சே முடிந்துவிடுகிறது. சாதாரணத் தொலைபேசி அழைப்பில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் ஒலி வரும். வாட்ஸ்அப் குரல் பதிவு ஓபஸ் என்ற ஒலிக்கோப்பு வடிவில், 16 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் (விநாடிக்கு 16,000 முறை ஒலியை அளந்து) இருக்கிறது. அதாவது 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒலி அதில் உண்டு. எஃப்.எம். ஒலிபரப்பு 15,000 ஹெர்ட்ஸ் வரை கொண்டுபோகும் என்றாலும், மனிதக் குரல் தெளிவாகப் புரிய 8,000 தாராளமாகப் போதும். ஆகவே நேரலை போன் அழைப்பைவிட வாட்ஸ்அப்பில் வந்த குரல் வானலையில் நன்றாகவே ஒலிக்கும்.

கெடுப்பது பதிவு செய்யும் இடமும் விதமும்தான். மின்விசிறிக்குக் கீழே, ஓட்டுச்சாய்ப்பில், பேருந்து நிறுத்தத்தில் பேசி அனுப்புகிறார்கள். பொத்தானை அழுத்திய அதே நொடியில் பேசத் தொடங்குவதால் முதல் சொல் பாதி அறுந்துபோகிறது. இதற்கு ஒரு நிமிட அறிவிப்பு தயாரித்து ஒரு நாளைக்கு நான்கு முறை போடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், ரேடியோவையும் டிவியையும் நிறுத்துங்கள். போனின் அடிப்பக்கம் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும், மைக் அங்கேதான் இருக்கிறது. பொத்தானை அழுத்தி ஒரு மூச்சு விட்டுப் பிறகு பேசுங்கள். முதலில் ஊர்ப் பெயர், அடுத்து உங்கள் கேள்வி. ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள். வீட்டில் சத்தம் அதிகம் என்றால் துணி நிறைந்த அலமாரிப் பக்கம் திரும்பி நின்று பேசச் சொல்லுங்கள், எதிரொலி பாதியாகக் குறையும். இந்த அறிவிப்பை நிலைய மேலாளர் குரலில் செய்ய வேண்டாம். நேயர் ஒருவர் பேசிய நல்ல பதிவையும் சரியில்லாத பதிவையும், அவர் சம்மதத்தோடு, அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். காதால் கேட்டால் உடனே புரிந்துவிடும்.

வந்த பதிவைக் கணினிக்கு மாற்றும்போது இன்னும் பல நிலையங்களில் போனை ஸ்பீக்கரில் போட்டு மைக்கில் பிடிக்கிறார்கள். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். வாட்ஸ்அப் வெப்பைக் கணினியில் திறந்து கோப்பை நேரடியாக இறக்கலாம். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் அதைத் திறக்க மறுத்தால், எஃப்.எஃப்.எம்பெக் என்ற துணை மென்பொருளை ஒருமுறை நிறுவினால் போதும். திறந்ததும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டுங்கள், காற்றின் உறுமலும் வண்டி இரைச்சலும் பெரும்பகுதி போய்விடும். இரைச்சல் நீக்கும் வசதியை 6 முதல் 8 டெசிபலுக்கு மேல் இழுக்காதீர்கள். 20 வரை இழுத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும், கொஞ்சம் இரைச்சலோடு இருந்த குரலே தேவலாம் என்று தோன்றும். கடைசியாக உரப்பளவைச் சமன் செய்யுங்கள். வானலைக்கு மைனஸ் 23 எல்.யு.எஃப்.எஸ். (உரப்பளவின் அலகு), இணையத்தில் ஏற்றுவதற்கு மைனஸ் 16 என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இருக்காது. நிலையத்தின் எல்லா நிகழ்ச்சிக்கும் ஒரே அளவு இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். அறிவிப்பாளர் குரல் முழங்க, நேயர் குரல் முனகலாக வந்தால், நேயருக்கு இந்த நிலையத்தில் என்ன இடம் என்பதைக் கேட்பவர் அந்த நொடியே புரிந்துகொள்வார்.

ரேடியோவில் சகரம் (ச, ஸ ஒலிகள்) சீறுகிறது என்ற புகாருக்கும் காரணம் உண்டு. இந்தியாவில் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் 50 மைக்ரோவிநாடி முன்னழுத்தத்தோடு வேலை செய்கிறது. ஏறத்தாழ 3,200 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலியை அது படிப்படியாக உயர்த்தி அனுப்பும், வாங்கும் ரேடியோ அதே அளவுக்குத் தாழ்த்தும். 8,000 ஹெர்ட்ஸில் இந்த உயர்வு எட்டரை டெசிபலைத் தாண்டும். வாட்ஸ்அப் குரல் மந்தமாக இருக்கிறதென்று எடிட்டிங்கில் 'டிரெபிள்' ஏற்றினால், டிரான்ஸ்மிட்டர் வாசலில் அது எல்லை மீறிச் சிதைகிறது. ஸ்டுடியோ ஹெட்போனில் நன்றாக இருந்தது ரேடியோவில் சீறுவது இதனால்தான். எடிட் செய்தவரே ஒரு சாதாரண ரேடியோவில் கேட்டுப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

அடுத்தது பதிவேடு. இது ஒரு நீளக் கோடு போட்ட நோட்டாக இருந்தாலே போதும், மென்பொருள் வேண்டாம். தேதி, ஊர், என்ன கேட்டார், யாரிடம் பதில் கேட்க வேண்டும், பதில் கிடைத்த தேதி, ஒலிபரப்பான தேதி, நேயருக்குச் சொல்லியாயிற்றா. ஏழு கட்டம். நேயரின் பெயரும் எண்ணும் இந்த நோட்டில் வேண்டாம். அதற்கு வரிசை எண் போட்டுத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், நோட்டு பலர் கைக்குப் போகும். நோட்டைப் பார்க்கும் ஆள் காலையில் ஒரு மணி நேரம் எல்லாக் குரலையும் கேட்டு எழுதுவார். மாலையில் ஒரு மணி நேரம் கால்நடை மருத்துவர், வேளாண் உதவி அலுவலர், செவிலியர், மின்வாரியப் பிரிவு அலுவலகம் என்று பதில் சொல்லக்கூடியவர்களை அழைப்பார். அவர்களிடமிருந்தும் வாட்ஸ்அப் குரலாகவே பதிலை வாங்கிவிடலாம். ஸ்டுடியோவுக்கு வரச் சொன்னால் ஒரு மாதம் இழுக்கும், இரண்டு நிமிடம் பேசி அனுப்பச் சொன்னால் பெரும்பாலும் அன்றைக்கே வந்துவிடும். கேள்வி, பதில், கேள்வி, பதில் என்று கோர்த்தால் இருபது நிமிட நிகழ்ச்சி தயார். ஒலிபரப்புக்கு முன்னால் கேட்டவருக்கு ஒரு வரி செய்தி: "உங்கள் கேள்விக்குப் பதில் நாளை மாலை ஆறரை மணிக்கு." அவர் தெருவையே கூட்டி உட்காரவைப்பார். எந்த விளம்பரத்தாலும் நிலையத்துக்கு இத்தனை நேயர்கள் சேர மாட்டார்கள்.

நேயர்களை வாட்ஸ்அப்பில் சேர்க்கக் குழுவா, பட்டியலா, சேனலா என்று கேட்கிறீர்கள். வாட்ஸ்அப் குழுவை நாங்கள் சிபாரிசு செய்யவில்லை. குழுவில் சேர்ந்த எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். பெண் நேயர் ஒருவர் குழுவில் பேசிய அன்று இரவே தெரியாத எண்ணிலிருந்து செய்தி வரத் தொடங்குகிறது, மறுநாள் அவர் வெளியேறிவிடுகிறார். வீட்டுக்கு ஒரு போன் என்றிருக்கும் இடங்களில் இதன் விளைவு அவரோடு நிற்பதுமில்லை. ஒலிபரப்புப் பட்டியல் (பிராட்காஸ்ட் லிஸ்ட்) என்ற வசதியில் ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரை சேர்க்கலாம். நாம் அனுப்புவது அனைவருக்கும் போகும், அவர்கள் பதில் நமக்கு மட்டும் வரும். இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் பட்டியல் செய்தி போய்ச் சேரும். "அனுப்பினோம், யாரும் பார்க்கவில்லை" என்ற புகாரில் பாதி இதுதான். "எங்கள் எண்ணைச் சேமித்துவிட்டு ஊர்ப் பெயரை அனுப்புங்கள்" என்று வானலையில் சொல்லுங்கள். ஊர்வாரியாகப் பட்டியல் பிரித்துக்கொண்டால் ஒரு ஊரின் தண்ணீர் நேரத்தை அந்த ஊருக்கு மட்டும் அனுப்பலாம். 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த சேனல் வசதி எத்தனை பேரையும் தாங்கும், ஆனால் அதில் நேயர் பேச முடியாது. அதை நிகழ்ச்சி நிரல் சொல்ல மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் போனில் செய்திகள் தானாக அழியும் அமைப்பு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். போன் நிரம்பினால் புதிய பதிவு இறங்காது. பல மாதம் கழித்துத் தேடினால் சர்வரிலும் இருக்காது. ஒருமுறை மட்டும் கேட்கக்கூடியதாக அனுப்பிய குரலைச் சேமிக்கவே முடியாது. வாராவாரம் சனிக்கிழமை எல்லாப் பதிவையும் வெளித்தட்டுக்கு மாற்றிவிட்டுப் போனைக் காலி செய்வதே வழி.

பகிர்ந்து வந்த குரல் விஷயத்தில் விதிவிலக்கே வேண்டாம். 'ஃபார்வர்டு' என்ற அடையாளத்தோடு வந்த எந்தக் குரலும் வானலைக்குப் போகக் கூடாது, எவ்வளவு அவசரமாக ஒலித்தாலும். அணை உடைந்தது, குழந்தை கடத்தும் கும்பல் வந்தது என்பதெல்லாம் இந்த வழியாகத்தான் வரும். போனில் பரவும் பொய்க்கு வானொலி ஒருமுறை வாய் கொடுத்தால் அது உண்மையாகிவிடும், ஊர் நம் நிலையத்தை நம்புவதால். பேசியவரே நேரடியாக அனுப்பியிருக்க வேண்டும், நாம் திரும்ப அழைத்தால் அவர் எடுக்க வேண்டும்.

சம்மதத்தையும் குரலிலேயே வாங்குங்கள். "என் குரலை ஒலிபரப்பலாம், இணையத்திலும் போடலாம்" என்று அவரே சொல்லி அனுப்பிய ஐந்து விநாடிப் பதிவை மூலக் கோப்போடு சேர்த்து வையுங்கள். வானலைக்குச் சம்மதம் வேறு, இணையத்துக்குச் சம்மதம் வேறு. வானலையில் போனது காற்றோடு போகும், யூடியூபில் ஏறியது பேத்தி காலம் வரை நிற்கும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோர் சம்மதத்தைக் கேட்கிறது. பள்ளிப் பிள்ளைகள் பேசும் நிகழ்ச்சிக்கு இதை மறக்காதீர்கள்.

பட்டன் போன் வைத்திருப்பவர் என்ன செய்வார்? எங்களுக்கு மிகவும் கவலை தருவது இந்தக் கேள்விதான், ஏனென்றால் நிலையத்தை அதிகம் கேட்பவர்களே இவர்களாக இருக்கிறார்கள். சத்தீஸ்கரில் 2010இல் தொடங்கிய சி.ஜி.நெட் சுவரா என்ற தொலைபேசிக் குரல் சேவை இதற்கு நல்ல முன்மாதிரி. கிராமத்தார் ஒரு எண்ணை அழைத்துக் கோண்டி போன்ற தங்கள் மொழியில் செய்தியைப் பதிவு செய்கிறார்கள், நெறியாளர் சரிபார்த்த பிறகு அதே எண்ணில் மற்றவர்கள் கேட்கிறார்கள். நம் நிலையங்களுக்கு இதன் சிறு வடிவம் போதும். நேயர் மிஸ்டு கால் கொடுப்பார், கணினி திரும்ப அழைக்கும், ஒன்றை அழுத்தினால் கேள்வி பதிவாகும், இரண்டை அழுத்தினால் நேற்றைய பதில்கள் ஒலிக்கும். அழைப்புச் செலவு நிலையத்துடையது, ஆகவே பதிவுக்கு 60 விநாடி என்று எல்லை வையுங்கள். மூன்று நான்கு அடுக்குத் தெரிவுகள் வைக்காதீர்கள். இரண்டாவது அடுக்கிலேயே பெரியவர்கள் போனை வைத்துவிடுகிறார்கள். இந்தப் பதிவு 3,400 ஹெர்ட்ஸோடு முடிந்துவிடும், எந்த எடிட்டிங்கும் இல்லாததைக் கொண்டுவராது. குரலை அப்படியே போட்டுவிட்டு, கேட்டதை நிகழ்ச்சியாளர் ஒரு வரியில் திரும்பச் சொன்னால் எல்லாருக்கும் புரியும்.

நேரலை அழைப்பு நடத்தும் நிலையங்களுக்கு மட்டும் ஒரு பத்தி. அழைப்பவர் தன் குரலையே தாமதமாகத் திரும்பக் கேட்டுத் தடுமாறுவதற்கு, மிக்ஸரின் முழு வெளியீட்டையும் அவர் போனுக்கு அனுப்புவதே காரணம். அவர் குரலைத் தவிர மற்றதை மட்டும் அனுப்ப வேண்டும். மிக்ஸரில் ஒரு 'ஆக்ஸ்' (துணை) வெளியீட்டை இதற்கென ஒதுக்கி, ஸ்டுடியோ மைக்குகளின் ஆக்ஸ் குமிழை மட்டும் திறந்து, போன் வரும் சேனலின் ஆக்ஸ் குமிழைப் பூஜ்யத்தில் வையுங்கள். ஆக்ஸிலிருந்து போனின் நான்கு பட்டை ஜாக்குக்குப் போகும் கேபிளில் 10 கிலோ ஓம் மின்தடையம் தொடராகவும் அதன் முடிவிலிருந்து தரைக்கு (கிரவுண்ட் இணைப்புக்கு) 100 ஓமும் வைத்தால் ஒலியளவு 40 டெசிபல் குறைந்து மைக் அளவுக்கு வரும். அங்கிருந்து மைக் பட்டைக்கு ஒரு மைக்ரோஃபாரட் மின்தேக்கி வழியாகத்தான் போக வேண்டும். நேராகச் சேர்த்தால் 100 ஓமைப் பார்த்த போன், ஹெட்செட் பொத்தானை யாரோ அழுத்துகிறார்கள் என்று எண்ணி அழைப்பைத் துண்டித்துவிடும். மைக் பட்டைக்கும் தரைக்கும் இடையே 2.2 கிலோ ஓம் ஒன்று வைத்தால்தான் மைக் இருப்பதாகப் போன் ஏற்றுக்கொள்ளும். நிகழ்ச்சி நேரத்தில் சார்ஜர் போட வேண்டாம், முனகல் ஏறும். 2ஜி சிக்னலுக்கு இறங்கிய போன் மிக்ஸர் பக்கத்தில் இருந்தால் டர்ர்ர் என்ற சத்தம் வரும், 4ஜியிலேயே நிறுத்திவைத்து ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். இணைய ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டு அழைப்பவருக்கு ரேடியோ கேட்பவரைவிட அரை நிமிடம் வரை பின்தங்கியே ஒலி வரும். அவரிடம் "ரேடியோவைக் குறையுங்கள்" என்றால் போதாது, ஆப்பை மூடச் சொல்ல வேண்டும்.

இணையத்தில் 64 கே.பி.பி.எஸ். வேகத்தில் ஒலிபரப்பினால் நேயருக்கு மணிக்கு ஏறத்தாழ 29 எம்.பி. செலவாகும், ஒரே நேரத்தில் நூறு பேர் கேட்டால் சர்வருக்கு 6.4 எம்.பி.பி.எஸ். வேண்டும். பேச்சுக்கு இந்த வேகம் போதும். வானலைக்கு வாங்கிய பாட்டு உரிமம் இணையத்துக்குத் தானாகச் செல்லாது என்பதால் தொகுப்பை ஏற்றும்போது பாட்டை எடுத்துவிடுங்கள்.

ஆனால் இணையம் வந்துவிட்டதே, டிரான்ஸ்மிட்டர் எதற்கு என்று எந்தக் குழுவிலாவது பேச்சு எழுந்தால் 2018 நவம்பர் 16ஐ நினைத்துப்பாருங்கள். கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு மின்கம்பங்கள் விழுந்து ஊர் ஊராக இருட்டில் கிடந்தன. மின்சாரம் போனால் செல்போன் கோபுரம் பேட்டரி தீரும் வரைதான். 100 வாட் கதிர்வீச்சுத் திறனுள்ள நம் டிரான்ஸ்மிட்டரை ஒரு சிறு ஜெனரேட்டர் ஓட்டிவிடும், கேட்பவருக்கு இரண்டு பென்சில் பேட்டரி போதும். பாம்பனில் மீனவர்களுக்காக நடக்கும் கடல் ஓசை 90.4 போன்ற நிலையத்தை ஒரு ஆப் ஈடுசெய்யாது. செல்போன்களில் எஃப்.எம். வசதியை முடக்கக் கூடாது என்று ஒன்றிய அரசு 2023 ஏப்ரலில் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியதும் இதை மனத்தில் வைத்துத்தான்.

விதிகளைப் பற்றி உங்களுக்கு இருக்கும் தயக்கமும் எங்களுக்குத் தெரியும். சமுதாய வானொலி தானாகச் செய்தி வாசிக்கக் கூடாது, ஆகாசவாணியின் செய்தியைத்தான் தரலாம். அதைச் சொல்லி நேயர் குரலையே ஒதுக்கிவிட வேண்டாம். மின்தடை, குடிநீர், தேர்வு, வேலைவாய்ப்பு, நோய் எச்சரிக்கை பற்றி உள்ளூர் நிர்வாகம் தரும் தகவல்கள் செய்திக் கணக்கில் சேராது. குறைந்தது பாதி நிகழ்ச்சி உள்ளூர் மக்கள் பங்கேற்பில் உருவாக வேண்டும் என்பதும் அதே விதிகளில்தான் இருக்கிறது, குரல்கள் அந்தப் பாதியை நிரப்பும். ஒலிபரப்பானதை மூன்று மாதம் பாதுகாக்க வேண்டும். தினம் 12 மணி நேரம், 128 கே.பி.பி.எஸ். என்றால் 90 நாளுக்கு 62 ஜி.பி. ஒரு சிறிய வெளித்தட்டில் அடங்கிவிடும்.

பணம் எங்கே என்பீர்கள். 2024 பிப்ரவரியில் வந்த திருத்திய வழிகாட்டுதல் விளம்பர நேரத்தை மணிக்கு 12 நிமிடமாகவும், அரசு விளம்பரக் கட்டணத்தைப் பத்து விநாடிக்கு 74 ரூபாயாகவும் உயர்த்தியது. நாளுக்கு ஒரு நிமிடம் கிடைத்தால் மாதம் 13,320 ரூபாய். அரசு விளம்பரம் நாள்தோறும் வருவதில்லை, வந்ததற்கும் பணம் தாமதமாகிறது என்பது உண்மைதான். இருந்தாலும் தினம் இரண்டு மணி நேர வேலைக்கான சம்பளத்தை உள்ளூர் உரக்கடையும் ஜவுளிக்கடையும் சேர்ந்தே தாங்கும், தங்கள் வாடிக்கையாளரின் குரல் அந்த நிகழ்ச்சியில் ஒலிக்கிறது என்று தெரிந்தால். அந்த வேலைக்கு ஊரைத் தெரிந்த, பொறுமையாகக் காது கொடுக்கக்கூடிய ஒரு பெண்ணை எடுங்கள். பெண்கள் அனுப்பும் குரல் கூடுவதை முதல் மாதத்திலேயே பதிவேட்டில் பார்ப்பீர்கள்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருள்நிரலில் மூன்று எண்களைச் சேர்க்கச் சொல்லுங்கள்: சென்ற மாதம் எத்தனை குரல்கள் வந்தன, எத்தனை ஒலிபரப்பாயின, எத்தனைக்குப் பதில் போனது. பதிவேடு மேசைமேல் இருக்கட்டும். கேபிள் வேலைக்கும் எடிட்டிங் பயிற்சிக்கும் கூப்பிட்டால் நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
சமுதாய வானொலி நிலையங்களின் ஒலிப்பதிவு, தொழில்நுட்பப் பணியாளர்கள் சிலர்